சீமாட்டிக்குப் பதிலாக

'தலையை ஆட்டினால் போதும். அதுக்கு மேலை ஒண்டும் கேக்கேல்லை. ஆட்டிப்போட்டு வீட்டை போவம்.'

நாகபூசணி இதை மனதுக்குள் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டாள். திறந்த குதிரைவண்டியில், அந்தக் காலத்துக் கறுப்புப் பட்டு உடுப்புக்குள் வேர்வை முதுகு வழியே இறங்கியது.

நூற்றுமுப்பது வருடங்களுக்கு முந்தைய படை அணிவகுப்பொன்றைப் பூங்காவில் வேடமிட்டு நடத்திக் காட்டுகிறார்கள். ஆளுநரின் மனைவியாக வரவேண்டியவள், நாகபூசணி வேலைசெய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா கத்தரீனா. காலையில் சிஞ்ஞோராவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

"நீ ஏறு, நாகா. வலை போட்டால் யாருக்குத் தெரியும்?" என்று, முகத்தை மறைக்கும் வலைத்தொப்பியைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். "நாளைக்கு உன் பெர்மெஸ்ஸோவுக்கான, வதிவிட அனுமதிக்கான கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்."

அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு அவளுக்கு இத்தாலி இல்லை.

படையினர் ஒவ்வொருவராக வண்டிக்கு முன்னால் வந்து நிற்பார்கள். சீமாட்டி தலையசைத்தால், அதிகாரி அவனை வலப்பக்கம் அனுப்பிப் பதக்கம் குத்துவார். ஆள் போதாமல் தமிழர் நாலு பேருக்கும் சீருடை மாட்டியிருந்தார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் உணவகமொன்றில் கோப்பை கழுவும் சோதிலிங்கம் வண்டியருகே வந்தான். தொப்பி மூக்குவரை இறங்கிக் கிடந்தது.

"அக்கா, பாருங்கோ! ஊரிலை ஒருத்தற்றை படையிலையும் சேராமல் ஓடி வந்தனான். இஞ்சை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சேர்ந்திட்டன்."

"துவக்கை நேராப் பிடியடா, விசரா."

"ஓம், மகாராணி! என்னைக் கண்டால் வடிவாத் தலையை ஆட்டுங்கோ. இல்லாட்டிப் பதக்கம் இல்லையாம்."

சிரித்தபடி வரிசைக்கு ஓடினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று தலையில் கவிழ்த்த சாக்குக்குள்ளும் இப்படித்தான், விட்ட மூச்சு திரும்பி முகத்திலேயே அடித்தது. ஒன்பது வருடங்களாகிவிட்டன. ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். இராணுவ ஜீப்புக்குள் அவள். சுற்றிவளைப்பில் பிடித்த ஆண்களை ஒவ்வொருவராக முன்னால் நிறுத்தினார்கள். அவள் தலையாட்டினால் வலப்பக்கம், லொறிக்கு. ஒருவனையாவது காட்டாவிட்டால் தம்பியை விடமாட்டோம் என்றார்கள். "சாக்குப் போட்டால் ஆருக்குத் தெரியும்?" என்றான் மொழிபெயர்த்தவன். முன்பின் தெரியாத ஒருவனைப் பார்த்து அவள் தலையாட்டினாள். நீலச் சாரம் கட்டியிருந்தான். வேறு யாரையோ காட்டுகிறார்கள் என்று நினைத்து அவன் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

தம்பி பொழுதுபட வீட்டுக்கு வந்தான். நீலச் சாரக்காரன் வரவேயில்லை. தலையாட்டி யாரென்று இன்றுவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தம்பிக்கும் தெரியாது.

முரசு அதிர்ந்தது. முதலில் வந்த இரண்டு இத்தாலியர்களுக்கும் அவள் கழுத்து எப்படியோ அசைந்தது. அவர்கள் வலப்பக்கம் போனார்கள். மூன்றாவதாகச் சோதிலிங்கம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றான்.

அவள் அசையவில்லை.

அவன் காத்திருந்தான். பிறகு, தனக்கில்லையாக்கும் என்பதுபோல் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"தலையை அசை, நாகா," வண்டிக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து சிஞ்ஞோரா பல்லைக் கடித்தாள். "எல்லாரும் பார்க்கிறார்கள். கடிதம் நினைவிருக்கட்டும்."

நாகபூசணி வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

"மாட்டேன், சிஞ்ஞோரா," என்றாள், தலையை அசைக்காமலே.