மக்காரியோவின் உழவு மாடு

முதல் மழை விழுந்த மறுநாள், கிழவர் மக்காரியோ எல்மெரை முன்னால் தள்ளிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தார். எல்மெரின் கைகள் முதுகுப்பக்கம் இருந்தன. கட்டைவிரல்கள் இரண்டும் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டப்பட்டு நீலம் பாரித்திருந்தன.

"என் உழவு மாட்டுல ஒண்ண எல்லை தாண்டி ஹோண்டுராஸ் பக்கம் ஓட்டிட்டுப் போய் வித்துட்டான். உள்ள போடுங்க."

காவலில் இருந்த போலீஸ்காரி நோயெமி முதலில் நரம்பை அறுத்தாள். பழைய காவல்படை அவள் அண்ணனை இப்படித்தான் கட்டி இழுத்துப் போனது. அதற்கப்புறம்தான் அவள் மலையேறிப் போராளிகளோடு சேர்ந்து துப்பாக்கி தூக்கினாள். போர் முடிந்ததும் அந்தப் படையைக் கலைத்துவிட்டு, ராணுவத்துக்குக் கட்டுப்படாத சிவில் போலீஸை நாடு முழுவதற்கும் அமைத்தார்கள். மலையிலிருந்து இறங்கியவர்களுக்கும் பழைய போலீஸ்காரர்களுக்கும் இப்போது ஒரே சீருடை. அவளோடு ரோந்து போகும் ருட்டிலியோ பழைய ஆள்.

"யார் பாத்தா பெரியவரே?"

"ஊருக்கே தெரியும்!"

ருட்டிலியோ அவள் காதருகே குனிந்தான். "பின்னறையில கொஞ்ச நேரம் என்கிட்ட விடு. மாடு எங்கன்னு பாட்டா பாடுவான்."

"அதுக்கா நமக்குப் புதுச் சட்டை தெச்சுக் குடுத்தாங்க?"

"சரி தாயே, உன் சட்டத்த வச்சே மாட்டப் புடி."

எல்மெரை லாக்கப்பில் வைத்துவிட்டுச் சாட்சி தேடிப் புறப்பட்டாள். ஜீப்பில் பெட்ரோல் இல்லை, நடந்தாள். ஆற்றுத்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒட்டிலியா, எல்மெர் மாட்டை ஓட்டிப் போனதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

"பாத்தேன்தான். கோர்ட்டுல வந்து சொல்லுன்னு மட்டும் கேக்காத. உன்ன நாளைக்கே வேற ஊருக்கு மாத்திருவாங்க. அவன் என் பக்கத்து வீட்டுலயேதான் இருப்பான்."

சாட்சி இல்லையென்று நீதிபதி எல்மெரை விட்டுவிட்டார். கோர்ட்டு வாசலில் மக்காரியோ அவளை மறித்தார்.

"நான் கட்டிக் கொண்டாந்து குடுத்தேன், நீ அவுத்து விட்டுட்ட. ஒத்த மாட்ட வச்சு எப்படி உழறது? நீயா வந்து நுகத்தடியில நிப்ப?"

 

சோளம் முளைவிட்ட சமயத்தில் மேட்டுக் குடியிருப்பில் ஒரு கிடாரி காணாமல் போனது. புகார் கொடுக்க யாரும் நிலையத்துக்கு வரவில்லை. நேராக எல்மெர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் முறிந்த காலோடு கிடந்தான் எல்மெர்.

"யாருடா அடிச்சது? பேரச் சொல்லு."

"மரத்துலேருந்து விழுந்தேன்."

"பொய் சொல்லாதடா! பேரச் சொன்னா இன்னைக்கே அவனுங்களப் புடிச்சு உள்ள வைக்கிறேன்."

"வச்சு? சாட்சிக்கு யாரு வருவா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நோயெமி கட்டில் காலை ஓங்கி உதைத்தாள். நர்ஸ் ஓடி வந்து அவளை வெளியே போகச் சொன்னாள்.