குடும்பத்து ஃபோல்டர்

மாமியாரின் அஞ்சலிப் போஸ்டருக்குப் பழைய படம் ஒன்றை எடுக்க, டூஃபி காலையிலிருந்து கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கணவன் போவாஹென் தன் கணினியிலிருந்து வீட்டுக்கெல்லாம் பகிர்ந்து வைத்த ஃபோல்டர் அது. அவள் திறந்தால் மட்டும் ‘அனுமதி இல்லை’ என்றது. ரவுட்டரை அணைத்துப் போட்டாள், பாஸ்வேர்டை மூன்று தரம் அடித்தாள். கானா நாட்டுக் கூமாசி நகரத்து வெயிலில் தலை கொதித்தது.

கடைசியில் அவன் கணினியிலேயே போய் அனுமதிப் பட்டியலைப் பார்த்தாள். நாத்தனார் பெயர் இருந்தது, நாத்தனார் மகன் பெயர் இருந்தது. அவள் பெயரும் இல்லை, அவள் பெற்ற மூன்று பிள்ளைகளின் பெயரும் இல்லை.

“கோவிச்சுக்காத, டூஃபி. அது எங்கம்மா வழிக் குடும்பத்து ஃபோல்டர். நீயும் பிள்ளைங்களும் உங்கம்மா வழிதானே? பிள்ளைங்க அம்மா குடும்பத்துல சேர்றதுதான் நம்ம வழக்கம்,” என்றான் போவாஹென்.

“ஓஹோ! ஆறு வருஷம் உங்கம்மாவோட பீத்துணிய அலசினேனே, அப்போ எங்க போச்சு இந்த வழக்கம்?”

எழுந்து போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள்.

“ஐயோ, பின்கட்டுல அக்கா படம் இறக்கிட்டிருக்கா!”

“இறக்கட்டுமே. இந்த ரவுட்டர் எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது. இது எங்கம்மா வழிக் குடும்பத்துச் சொத்து.”