நசுங்கிய சோடா மூடி

ஏற்கெனவே இரண்டு தேனீக் கூட்டம் ஓடிப்போயிருந்தது. மூன்றாவது கூட்டம் பெட்டிக்கு வந்த பத்தாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் நிற்காது என்று. மேலே அடுக்கிய கட்டைகளில் ஒன்றைத் தூக்கினால் இரண்டு சேர்ந்து வந்தன. கட்டைக்கு ஒன்றாகத் தொங்கவேண்டிய அடை இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. பிய்த்தால் உடையும், எறும்பு வரும், ஈக்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும். வேல மரத்தில் பூ இன்னும் மூன்று வாரம்தான்.

எங்கள் கம்பா இனத்து ஊர்களில் மரமேறித் தேன் எடுப்பது ஆண்கள் வேலை. என் கணவர் செத்ததும் உயர மரங்களில் அவர் தொங்கவிட்ட மரக்கூடுகளெல்லாம் கொழுந்தன் முன்யோக்கிக்குப் போயின. பன்னிரண்டு வருடமாக ஒரு கிண்ணம் தேனுக்கு அவன் வாசலில் நிற்கிறேன். கொடுப்பான், ஆனால் நிற்கவைத்துக் கொடுப்பான். மரமேறாமல் என் தேனை நானே எடுக்க எனக்கு இருந்த ஒரே வழி, இடுப்புயரத்தில் தொங்கும் இந்தப் பெட்டிதான். அதைச் செய்ததும் அவன்தான். ஊரில் வேறு தச்சன் இல்லை.

முன்பு அடை உடைந்த கட்டைகள் இரண்டை எடுத்துக்கொண்டு அவன் பட்டறைக்குப் போனேன்.

"பாரு முன்யோக்கி. மூணாவது தடவை."

"ஈ சரியில்ல அண்ணி. சோம்பேறி ஈ."

"ஈயைக் குத்தம் சொல்ற தச்சனை இப்பத்தான் பாக்கறேன். எந்த அளவுல அறுத்தே?"

"பயிற்சி கொடுத்த அம்மா சொன்ன அளவுதான். ஒரு கட்டை, ஒரு சோடா மூடி அகலம். நீங்களும் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

பணிமேசையைக் காட்டினான். ஓரத்தில் ஒரு சோடா மூடி ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது. தட்டையாக, பல்லெல்லாம் விரிந்து.

"இதை ஏன் நசுக்கினே?"

"மரத்துமேல மட்டமா உக்காரல அண்ணி. சுத்தியால ஒரு தட்டு தட்டினேன்."

கீழே கிடந்த நல்ல மூடி ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தேன். நசுங்கிய மூடி சுற்றிலும் கொஞ்சம் துருத்தியது. அந்தக் கொஞ்சம்தான் ஒவ்வொரு கட்டையிலும் கூடியிருந்தது. ஈ தன் அளவில் அடை கட்டிக்கொண்டே போகும். நாலாவது அடை கட்டைக்கு நடுவில் இல்லாமல் இரண்டு கட்டை சேருமிடத்தில் விழும்.

கத்தியிருக்கலாம். தெம்பு இல்லை. மரத்தூள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தவங்க பெட்டியெல்லாம்?"

"பதினோரு பேருக்கும் இதே மூடிதான்," என்றான், தரையைப் பார்த்து.

"நாளைக்கு அவங்க உன்னை உரிப்பாங்க. இன்னைக்கு எனக்கு அறுத்துக் கொடு."

அறுத்துக் கொடுத்தான். அன்று மாலையே அவன் பெட்டிக்குப் புகை போட, நான் அடைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் புதுக் கட்டைகளில் கற்றாழை நாரால் கட்டினேன். இருவருக்கும் முகம் வீங்கியது. அதற்குப்பிறகு தினமும் காலையில் பெட்டி வாசலில் ஈ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால்தான் கஞ்சி இறங்கும்.

பூ உதிர்ந்த பிறகு திறந்தேன். ஒரு கட்டை தூக்கினால் ஒரே அடை வந்தது, மெழுகு மூடிய தேனோடு. அழுதேன். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாத அழுகை.

அந்த வருடம் முன்யோக்கியின் மரக்கூடுகளில் ஒன்றுமில்லை. எப்போது வந்தானோ, வேலிப்பக்கம் கால் மாற்றி நின்றுகொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிற்பு எனக்குத் தெரியும். அவன் வாய் திறப்பதற்குள் ஒரு துண்டு அடையை அறுத்து அவன் கையில் வைத்தேன். ஒருநாள் அவனை நிற்கவைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதற்கும் தெம்பு இல்லை.