யூதாஸ் காட்டிய வழி

தெற்கு ஒமாகாவின் ஹாலோவெல் இறைச்சிக் கம்பெனிக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, அது தன் வரலாற்றைத் தானே எழுதி அச்சடித்துக்கொண்டது. தோல் அட்டை, தங்க எழுத்து. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு கறை. அதன் பெயர் வாட்ஸ்லாவ் க்ராட்கி.

"1922இல் சில டப்பா மாட்டுக்கறி கெட்டுப்போனதற்கு, குடிபோதையில் கொதிகலனைக் கவனிக்காமல் விட்ட இந்தத் தொழிலாளியே காரணம். உடனே நீக்கப்பட்டார்."

வாட்ஸ்லாவுக்குக் குடற்புண். செக் நாட்டுக்காரனாகப் பிறந்தும் பீர் குடிக்காதவன் என்பதுதான் ஊரில் அவன்மேல் இருந்த ஒரே புகார். உப்பிப்போய்த் திரும்பி வந்த டப்பாக்களுக்குப் புது லேபிள் ஒட்ட மாட்டேன் என்றான். மறுநாளே பத்திரிகையில் குடிகாரன் ஆகிவிட்டான். அடுத்த வருஷம் செத்தும் போனான். சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். பத்திரிகையை நம்பி, ஊரிலிருந்த செக் சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தம்பி பொஹூமில், பாதிரியார், குழிவெட்டிகள் இருவர், ஆக நாலு பேர். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே மேடேறியது. அந்தச் சாய்வைத் தம்பி மறக்கவில்லை.

பொஹூமிலுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. இன்னும் ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், கிடா என்னிடம் பழகிவிட்டது என்பான். அந்த வெள்ளாட்டுக் கிடாவின் பெயர் யூதாஸ், பைபிளில் காட்டிக்கொடுத்தவனின் பெயர். வெட்டுக்கூடத்துச் சரிவில் செம்மறிகள் தாமாக ஏறாது; யூதாஸ் முன்னால் நடந்தால் நம்பி ஏறிவிடும். உச்சியில் யூதாஸ் மட்டும் பக்கக் கதவு வழியாக நழுவிவிடும். அதற்குக் கூலி, மெல்லுகிற புகையிலை ஒரு துண்டு.

மேற்பார்வையாளர் மெக்வேன் ஒருநாள் அவனைக் கூப்பிட்டார்.

"விழாவுக்கு நூறு விருந்தாளி வர்றாங்க. மேயர், பத்திரிகைக்காரங்க, பிஷப்பு. வாசல்லேர்ந்து விருந்து மண்டபம் வரைக்கும் உன் கிடாதான் அவங்களைக் கூட்டிட்டுப் போகணும். முதலாளி ஆசைப்படறாரு. மூணு வாரத்துல பழக்கிடு."

"பழக்கிடலாம் சார்."

"பிஷப் முன்னாடி யூதாஸ்னு கூப்பிட்டுத் தொலைக்காதே. மோசேன்னு கூப்பிடு."

"அப்படிக் கூப்பிட்டா அது திரும்பிப் பாக்காது சார்."

"திரும்ப வேணாம். நடந்தாப் போதும்."

பொஹூமில் சொன்னபடி செய்தான். மண்டபத்துக்குப் போகும் நடையில் இடப்பக்கம் ஒரு மரக்கதவு உண்டு. புகையிலையை அதற்கு அந்தப் பக்கம் வைத்தான், அவ்வளவுதான். உள்ளே பன்னிரண்டு பெண்கள் பழைய டப்பாக்களின் துருவைச் சுரண்டி, புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, உன் கிடா தினமும் இங்க வந்து நிக்குது?" என்றாள் பசை கலக்கும் ரூஜெனா.

"புகையிலை திங்க."

"விழா அன்னிக்குமா?"

"அன்னிக்குத்தான் முக்கியமா."

அவள் வாட்ஸ்லாவுக்குப் பக்கத்துத் தெரு. கொஞ்ச நேரம் பசையையே கலக்கினாள். "அன்னிக்கு உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்லியிருக்காங்க. மறந்துடறேன்."

விழா நாளில் முதலாளி ஹாலோவெல் கிடாவின் கழுத்தில் பட்டு ரிப்பன் கட்டினார். "பதினோரு வருஷ சேவை! ஒரு தடவைகூட வழி தவறினதில்லை!" விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே இரண்டிரண்டு பேராகப் பின்தொடர்ந்தார்கள். கிடா இடப்பக்கம் திரும்பியது.

மெக்வேனின் முகம் வெளுத்தது. "சார், இது வழி இல்ல..."

"கிடாவுக்குத் தெரியாததா உமக்குத் தெரியும்? எல்லாரும் பின்னாடியே வாங்க!" என்றார், அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத முதலாளி, அதைத் தானே தள்ளித் திறந்து.

யூதாஸ் நேராக ரூஜெனாவிடம் போய்ப் புகையிலையை மெல்ல ஆரம்பித்தது. ஒரு நிருபர் டப்பா ஒன்றை எடுத்தார். ஈர லேபிள் கையோடு வந்தது. அடியில் இன்னொரு லேபிள், 1922. மேயர் உப்பிய மூடியை விரலால் அழுத்திப் பார்த்தார். அது சீறியது. பிஷப் கைக்குட்டையைத் தேடினார்.

"இதுவும் வாட்ஸ்லாவ் க்ராட்கி வேலைதானா சார்?" என்று பின்னாலிருந்து பணிவாகக் கேட்டான் பொஹூமில். "அவன் செத்து மூணு வருஷம் ஆச்சே."

"அந்தப் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுப்பா," என்றார் நிருபர்.

அவசரப்படாமல் சொன்னான்.

அன்றே வேலை போனது. "உன் கிடாவையும் இழுத்துட்டுத் தொலைடா!" என்று கத்தினார் மெக்வேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே பின்னால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையைப் படித்துவிட்டுச் செக் சங்கத்தார் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "தம்பி, உங்க அண்ணன் விஷயத்துல தப்புப் பண்ணிட்டோம்," என்றார் தையற்காரர் ஹ்ரூஷ்கா.

பொஹூமில் எண்ணினான். சரியாக ஆறு பேர்.

"கல்லறைக் கல்லு தயாரா இருக்கு. மேட்டுக்குத் தூக்கணும்," என்றான்.

"அதான் வண்டி நிக்குதே?"

"அதுல யூதாஸ் வருது. வயசாயிடுச்சு, மேடு ஏற முடியாது."

கல் ஆறு தோள்களில் ஏறியது. முன்னால் வண்டியில் கிடா புகையிலை மென்றுகொண்டு போனது. பொஹூமில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசியில் நடந்தான்.

"சாயுது பாருங்க," என்றான் பத்தடிக்கு ஒருமுறை. "நேராப் புடிங்க."