அக்கா நிற்கும் முனை

தண்ணீருக்குள் தலையை விட்டுவிட்டால் எனக்கு உலகத்தில் யாருமில்லை. கண் தெரிகிறவர்களுக்கு நீச்சல்குளத்தின் தரையில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறதாம், அதைப் பிடித்துக்கொண்டே போய்விடுவார்களாம். எனக்கு ஏது கோடு? கரையில் எத்தனை பேர் கத்தினாலும் உள்ளே ஒரே இரைச்சல்தான். சுவர் நெருங்கும்போது தலையில் ஒரு தட்டு விழும். நீளமான குச்சி, நுனியில் பஞ்சுப் பந்து. தட்டு விழுந்ததும் இன்னும் ஒரு கை போட்டு, குட்டிக்கரணம் அடித்து, காலால் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். பந்தயம் முழுக்க என்னைத் தொடுவது அந்தக் குச்சி மட்டும்தான்.

பார்வையில்லாதவர்களின் நீச்சலில் இரண்டு முனையிலும் இப்படி ஆள் நிற்பார்கள். கிளம்பும் முனையில் எங்கள் கோச். எதிர் முனையில் என் அக்கா. போட்டியில் எல்லோரும் கறுப்பு நீச்சல் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். குருடிக்கு எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று நானும் முதலில் சிரித்தேன். கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவர்களும் வருவார்கள், எல்லோருக்கும் ஒரே இருட்டு வேண்டாமா என்றார் கோச். இருட்டிலாவது சமத்துவம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ஒரு மருத்துவமனையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்கக் காதில் குரல்கள். யார் அழைத்தாலும் வேறு யாரையோ கேட்பார்கள், இணைத்துவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும். என்னிடம் பேசவென்று ஒரு அழைப்பும் வந்ததில்லை.

போன வருடப் போட்டியில் எதிர்ச்சுவரில் தலையால் மோதினேன். அக்காவின் குச்சி தண்ணீரில் பட்டு வழுக்கிவிட்டது, தட்டு விழவில்லை. முழு வேகத்தில் போனவளுக்கு நெற்றி பிளந்தது, மணிக்கட்டு விரிசல் விட்டது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க" என்றார் தையல் போட்ட டாக்டர். தலைப்பாகை கட்டியிருந்தால் உங்களுக்கு வேலையே இருந்திருக்காது என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

கட்டு பிரித்துக் குளத்துக்குத் திரும்பியபோது எல்லாம் பழையபடி இருந்தது, ஒன்றைத் தவிர. எதிர் முனையில் தட்டு விழும், கை போடுவேன், கரணம் அடிப்பேன், காலை நீட்டுவேன். சுவர் இருக்காது. வெறும் தண்ணீரை உதைத்துவிட்டு, கிணற்றில் போட்ட கல்லாக அப்படியே நிற்பேன். படியில் கடைசிப்படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைக்கும்போது அது இல்லாமல் போகுமே, அது ஒவ்வொரு முறையும் நடக்கும். கோச் நிற்கும் முனையில் இந்தத் தொல்லையே இல்லை. அடிபட்ட சுவரில் மட்டும்தான்.

காரணம் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்றார்கள். சுவரை நினைத்துப் பயந்து கை சுருங்குகிறது, போட வேண்டிய நீளம் போடாததால் கால் எட்டவில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன். நாட்டு அணிக்கான தேர்வுப்போட்டி சில மாதத்தில் வரவிருந்தது. எனக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் சின்னப் பெண்கள் மளமளவென்று வந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தடவை விட்டால் இனி என்னை யாரும் கூப்பிடப்போவதில்லை. கோச் என்னை விளையாட்டு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். குளத்தில் எல்லோரும் அவரை மனசு டாக்டர் என்பார்கள்.

ஏ.சி. ரொம்பக் குளிரும் சின்ன அறை. அவர் பேனாவை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டே பேசுவார். முதல் நாள், "ரிலாக்ஸா உக்காருங்க. கண்ணை மூடிக்கிட்டு, அந்தச் சுவரை மனசுல பாருங்க" என்றார்.

மூடினேன். "மூடிட்டேன் மேடம். பெருசா ஒண்ணும் மாறல" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. பாவம், ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. கெட்டிக்காரப் பெண்மணி. சுவரைப் பார்ப்பதற்குப் பதிலாகக் காலில் அதன் சொரசொரப்பை நினைக்கச் சொன்னார். மூச்சை இழுத்து நீளமாக விடச் சொன்னார். தவறு நடந்தால் அதையே மென்றுகொண்டிருக்காமல் 'அடுத்தது' என்று ஒரே சொல் சொல்லி நகர்ந்துவிடச் சொன்னார். "விழாம இருக்கிறது மனவலிமை இல்ல. விழுந்தப்புறம் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வர்றீங்க, அதுதான்" என்றார். நான் விழவில்லை மேடம், மோதினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னதையெல்லாம் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும் இடைவெளியில் மூச்சு விட்டேன். பஸ்ஸில் சுவரின் சொரசொரப்பை நினைத்தேன். கால் மட்டும் தண்ணீரையே உதைத்தது. அடுத்தது, அடுத்தது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அப்போதுதான் ஒரு தனிமை வந்தது. கண் இல்லாததில் எனக்குத் தனிமை கிடையாது, அது பழகிய வீடு. என் மனசே எனக்குத் தெரியாமல் எனக்கு எதிராக வேலை செய்கிறது என்று நம்புவது வேறு. யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கோச் வீடியோ எடுத்துப் பார்த்தார், மனசு டாக்டரும் பார்த்தார். என் கை, தோள், கழுத்து எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். குச்சியை யாரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல். எதிர் முனையில், அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோவை நிறுத்தினார் கோச். வேறு பிள்ளைகளுக்குத் தட்டிப் பழகியவர்தான், ஆனாலும் எனக்குப் புது ஆள். உள்ளதும் போச்சு என்று நினைத்துக்கொண்டே குதித்தேன். வழக்கமாகத் தட்டு விழும் இடம் வந்தது, விழவில்லை. செத்தோம் என்று அடுத்த கை போட்டபோது விழுந்தது தட்டு. கரணம் அடித்தேன். இரண்டு பாதமும் சுவரில் பளீரென்று பதிந்தன.

மறுபடி போனேன். மறுபடியும் சுவர் இருந்தது. எத்தனை முறை போனாலும் இருந்தது. கரையில் கோச் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டிருந்தார். நான் தடங்களைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். என் கை சுருங்கவே இல்லை. தட்டுதான் முந்தி விழுந்துகொண்டிருந்தது.

குச்சியின் மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கால் எட்டவில்லையென்றால் தப்பு என்னுடையது. என்னைச் சந்தேகப்படுவது சுலபம், சின்ன வயதிலிருந்து ஊரே அதற்குப் பழக்கிவிட்டிருக்கிறது. அக்காவைச் சந்தேகப்பட்டுவிட்டு நான் யார் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது?

வீட்டுக்குப் போனபோது அக்கா ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். தைல வாசனை கதவுவரை வந்தது. எனக்குப் பொறுமை என்பது எப்போதும் கொஞ்சம் தட்டுப்பாடுதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அக்கா, நீ முன்னாடியே தட்டுறியா?"

பதில் இல்லை. முகத்தைப் பார்க்க முடியாதவளிடம் பேசாமல் இருப்பது விளக்கை அணைப்பது மாதிரி. அக்கா அதை ஒருநாளும் செய்யமாட்டாள்.

"தெரியலடி" என்றாள். கொஞ்சம் கழித்து, "தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"நீ திரும்ப எறங்குன நாள்லேருந்து. வேணும்னு பண்ணலடி. நீ வர்ற வேகத்தைப் பார்த்தா கை தானா எறங்கிடுது. இன்னிக்குச் சரியா தட்டணும்னு சாமியக் கும்பிட்டுட்டுத்தான் வந்து நிப்பேன். அப்படியும் எறங்கிடுது."

"இத்தன மாசம் என் மனசு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு லூசு மாதிரி மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன்க்கா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ மோதுன சத்தம் உனக்குக் கேட்டிருக்காது. நீ தண்ணிக்குள்ள இருந்த." போர்வையை விலக்கினாள். "எனக்குக் கேட்டுச்சு. இன்னும் கேக்குது. கடைல யாராவது டிராயரை அடிச்சு மூடினாக்கூட அதே சத்தம். சொன்னா என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருவாங்களோன்னு இருந்துச்சு. போட்டா நல்லதுன்னும் இருந்துச்சு. எதைன்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அடுப்பங்கரை சேராத பூனை இத்தனை நாளும் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தது.

மனசு டாக்டரிடம் சொன்னேன். பேனாச் சத்தம் நின்றது. "உங்க அக்கா எப்பவும் வெளிய பெஞ்ச்லதான உக்காந்திருப்பாங்க?"

"ஆமா மேடம்."

"நான் ஒரு தடவைகூட உள்ள கூப்பிடலையே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அன்றைக்குக் கதவைத் திறந்து கூப்பிட்டார். அக்கா வரவில்லை. "நீஞ்சுறவளுக்குத்தான் மனசு டாக்டர். குச்சி பிடிக்கிறவளுக்கு எதுக்குடி?" என்று என் காதருகில் கிசுகிசுத்தாள். கோச் அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். நான் மெதுவாக வந்தால் அச்சுப் பிசகாமல் தட்டினாள். வேகம் எடுத்தால் குச்சி முந்திக்கொண்டது. அவள் குணமாவதற்குக் காலம் பிடிக்கும் என்றார் மனசு டாக்டர். தேர்வுப்போட்டி அவளுக்காகக் காத்திருக்குமா? எந்த முனையில் யார் தட்டுவது என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "இந்தத் தடவை எதிர் முனைல பிசியோ தட்டட்டும்க்கா."

அழுவாள் என்று எதிர்பார்த்துச் சமாதானமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். இது நிரந்தரம் இல்லை, நீ இல்லாமல் நான் இல்லை, இப்படிக் கொஞ்சம். அக்கா மூச்சு விட்டாள். மனசு டாக்டர் எனக்கு மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் வராத மூச்சு, அவ்வளவு நீளம். "சரிடி" என்றாள். அடுத்த துணியை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது. என் சமாதானங்களை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடமிருந்து விடுதலை கிடைத்ததில் ஒருத்திக்கு இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போட்டியன்று அக்காதான் கூட்டிப்போனாள். தொப்பிக்குள் முடியைத் திணித்துவிட்டாள். குளக்கரை வாசல்வரை வந்து, என் கையைப் பிசியோவின் முழங்கையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

எங்களுக்குப் பந்தயம் என்றால் கிளம்பும்போது அரங்கமே வாயை மூடிக்கொள்ள வேண்டும், நாங்கள் சத்தத்தை நம்பி இருப்பவர்கள். அந்த அமைதியில் நின்றேன். குதித்தேன். அதற்குப் பிறகு இரைச்சல்தான். முன்பெல்லாம் எதிர் முனையை நோக்கிப் போகும்போது அக்காவிடம் போகிறேன் என்றுதான் நீந்துவேன். அன்றைக்கு வெறும் சுவரை நோக்கிப் போனேன். தட்டு விழுந்தது, சரியான இடத்தில், மரியாதையாக, அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது மாதிரி. சுவர் இருந்தது. உதைத்தேன். திரும்பும் வழியெல்லாம் அழுதேன் என்று நினைக்கிறேன், கண்ணாடிக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. கோச்சின் தட்டு விழுந்தது, கை சுவரைத் தொட்டது.

கோச் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வந்துட்டம்மா! டீம்ல வந்துட்ட!"

"அக்கா எங்க சார்?"

அவர் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். "வெளிய போயிட்டாங்க போலம்மா. உன்னை நிக்க வெச்ச உடனேயே எந்திரிச்சுப் போனாங்க."

துண்டைப் போர்த்திக்கொண்டு பிசியோவுடன் நடந்தேன். ஈரத் தரை, வழுக்காத ரப்பர் விரிப்பு, பிறகு சிமெண்டு. வழியெல்லாம் யார் யாரோ கைகொடுத்தார்கள். கனமான கதவு ஒன்றைத் தள்ளியதும் வெயில் முகத்தில் அடித்தது. படியில் யாரோ அவசரமாக எழுந்தார்கள், மடியிலிருந்த பை கீழே விழுந்தது.

"மோதுனியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

கிட்டே வந்தாள். அவள் விரல்கள் என் நெற்றியில் பட்டன. புருவம், மூக்கு, தாடை என்று மெதுவாக இறங்கின. பிறகு மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். கண் இருக்கிறவள், பட்டப்பகலில், தடவித்தான் பார்த்தாள்.

"நான் வந்துட்டேன்க்கா, டீம்ல…" என்று ஆரம்பித்தேன்.

"இரு" என்றாள். மறுபடியும் நெற்றியிலிருந்து தடவ ஆரம்பித்தாள்.