எட்டு குடைக்கம்பிகள்

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் உதயகுமாரிடமிருந்து தப்ப முடியாது. ‘உயிரியல் சக்கரவர்த்தி’ என்ற டியூஷன் பேனரில் கைகட்டி நிற்பார். அந்தச் சக்கரவர்த்தி இப்போது தான் வேலை பார்க்கும் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் தோள்பையை இறுக்கி அணைத்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் எட்டு குடைக்கம்பிகள்.

காலையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரு மாணவியின் மாதிரியிலிருந்து அவரேதான் உருவினார். பத்தாம் வகுப்பு இஃபத் செய்த உயிரணு, அதாவது செல்லின் மாதிரி அது. நைலான் துணி சவ்வு, டென்னிஸ் பந்து நியூக்ளியஸ். பந்தின் ஓரத்திலிருந்து கம்பிகள் நாலாபக்கமும் ஓடித் துணியைத் தாங்கின.

“இன்னாம்மா, செல்லுக்குள்ள குடை?” என்று முந்தின நாளே கேட்டிருந்தார்.

“அத்தாவோட பழைய குடை சார். இது செல்லோட சட்டகம். வடிவம் குடுக்கறதும் இதான், உள்ள சரக்கு போற ரோடும் இதான். எலும்பு மாதிரி சும்மா நிக்காது சார், ஒரு பக்கம் கட்டிகினு ஒரு பக்கம் கலைஞ்சிகினே கீது.”

“செல்லுன்னா தண்ணிப் பை. பப்ளிக் எக்ஸாம்ல வராததையெல்லாம் சொருகாதே!”

வகுப்பே சிரித்தது. அவருக்கும் திருப்தி. ஆனால் மறுநாள் காலையிலும் கம்பிகள் அப்படியே இருந்தன.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியை வரலட்சுமி இஃபத்தின் மேசைமுன் நின்றபோது, செல் ஈர அப்பளமாய்ச் சரிந்து கிடந்தது. மாவட்டப் போட்டிக்கு ஒரே ஒரு மாதிரியைத்தான் அவர் தேர்ந்தெடுப்பார்.

“உள்ள தாங்கறதுக்கு ஒண்ணுமே வைக்கலையாம்மா?”

இஃபத் பக்கத்தில் நின்ற உதயகுமாரின் பையைப் பார்த்தாள். மூடாத ஜிப்பில் ஒரு கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நான்தான் சரியா கட்டல மேடம்.”

வரலட்சுமி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

காட்டிக்கொடுத்திருந்தால் முறைத்துச் சமாளித்திருப்பார் உதயகுமார். பாவி, காப்பாற்றிவிட்டாளே! தன்னையும் யாரோ உள்ளேயிருந்து உருவிவிட்டது போலிருந்தது. இரண்டு மேசை தாண்டி ஓடினார்.

“மேடம், கம்பியை உருவினது நான்தான். வேஸ்ட்டுன்னு நெனச்சேன்.”

ஹாலே திரும்பிப் பார்த்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

இஃபத் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சொருக, அவர் மண்டியிட்டுத் துணியைப் பிடித்தார். செல் உப்பி எழுந்தது.

“இந்தக் கம்பிக்குப் பேர் என்ன சார்?” திரும்பி வந்து நின்ற வரலட்சுமி அவரையே கேட்டார்.

இருபது வருட சர்வீஸில் சொல்லாத வார்த்தை மெதுவாக வந்தது.

“தெரியாது மேடம். இஃபத் சொல்லுவா.”

“நுண்குழல்,” என்றாள் இஃபத். “சார், இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க.”

தூக்கிப் பிடித்தார்.