தண்ணீர் மசோதா

கூட்டத்தொடரின் கடைசி மாலை, சபாநாயகர் வெண்டல் ப்ரூயிட் மரச்சுத்தியலைத் தட்டி அவையை முடித்தபோது லொரீனா ஹாஸ்கெட் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். அவர் பார்க்காதது போல இறங்கிப் போனார். அவளுடைய தண்ணீர் மசோதா அத்தோடு செத்தது.

ஒஹையோ ஆற்றங்கரையில் டன்மோர் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் லொரீனா. ரசாயன ஆலைக் கழிவு குடிநீரில் கலக்கிறது என்று கத்திக் கத்தியே சட்டமன்றத்துக்குத் தேர்வானவள். வருஷா வருஷம் அதே மசோதாவைக் கொண்டுவந்தாள். அவள் கட்சிக்காரரான ப்ரூயிட்டே அதைக் கிடப்பில் போட்டார். இந்த முறை, ஆலைக்கான வரிச்சலுகையை ஆதரித்தால் மசோதாவை எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆதரித்தாள்.

கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் போனாள்.

"வாக்குக் குடுத்தீங்களே?"

"நேரம் பத்தலம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." கோட்டை மாட்டிக்கொண்டார். "போக்குவரத்துக் குழுத் தலைவர் பதவி காலியாகுது. உனக்குன்னு வெச்சிருக்கேன்."

"எங்க ஊர்ல புள்ளைங்க பாட்டில் தண்ணியில பல்லு தேய்க்குதுங்க."

"லொரீனா, உன்னை இங்க உக்கார வெச்சதே நான்தான்."

"உக்கார வெச்சது எங்க ஜனங்க. வாயை மூடி உக்கார வெச்சதுதான் நீ."

ஊர் திரும்பியும் கொதிப்பு அடங்கவில்லை. உணவகத்தில் ஓபல் டிரையர் அவள் மேசையருகே வந்து நின்றாள். ஓபலின் கணவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது.

"ஆலைக்காரனுக்கு வரியைக் கொறைச்சுட்டு வந்துட்டியாமே. முட்டை நல்லாருக்கா?"

லொரீனாவுக்கு ப்ரூயிட் மேல் வந்ததைவிடப் பெரிய ஆத்திரம் தன்மேலேயே வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

நவம்பர் தேர்தலில் எப்படியோ தப்பிப் பிழைத்து ஜெயித்தாள். புது அவையில் அவள் கட்சிக்கு ஒரே ஓர் இடம்தான் கூடுதல். சபாநாயகர் தேர்தலுக்கு முன்னால், எதிர்க்கட்சி வேட்பாளர் டெல்லிங்கரிடம் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். அவர் சரியென்றார்.

பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

"ஹாஸ்கெட்."

"டெல்லிங்கர்" என்றாள்.

ப்ரூயிட் நாற்காலியோடு திரும்பினார். "என்ன பண்றே நீ?"

"ஓட்டுப் போடறேன்."

ப்ரூயிட் தோற்றார். வசந்தத்துக்குள் மசோதா நிறைவேறியது. ஆலை பணம் கட்ட, சுத்திகரிப்பு நிலையம் எழும்பியது. கட்சி அவளைச் சும்மா விடவில்லை. துரோகி என்று வேலிக்கு வேலி பலகை நட்டு, அடுத்த வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஒரு காப்பீட்டு ஏஜெண்டை நிறுத்தி அவளைத் தோற்கடித்தார்கள்.

நிலையத்தின் திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டியவன், அவள் இடத்தில் உறுப்பினராகிவிட்ட அந்த ஏஜெண்ட்தான். "இது நம்ம கட்சியோட சாதனை" என்றான். பின்னால் அமர்ந்திருந்த ப்ரூயிட் கைதட்டினார்.

கூட்டத்தில் நின்ற லொரீனாவை ஓபல் முழங்கையால் இடித்தாள். "போய் நாலு வார்த்தை கேளேன்."

"கேட்டா நாறிடும்."

"நாறட்டும்."

லொரீனா மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். "உங்க தண்ணியில விஷம் கலந்தவனுக்கு வரிச்சலுகை குடுத்தது யார் யாருன்னு சொல்றேன். முதல் பேரு என்னோடது. அடுத்தது, இதோ கைதட்டினாரே, வெண்டல் ப்ரூயிட்."

யாரோ மைக் இணைப்பைத் துண்டித்தார்கள். பேருந்தின் கடைசி வரிசைப் பிள்ளைகளை அதட்டிய அதே தொண்டையில் மூன்றாவது பெயரைச் சொன்னாள்.